அதிகப்பிரசங்கியா, மீத்திறனா? பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

என் தம்பி மகனுக்கு அப்போது ஒன்பது வயது. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் கரண்ட் அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தான். "அத்தை, போன தடவை 494 யூனிட். இந்தத் தடவை 506. பன்னெண்டு யூனிட்தானே கூட ஓடியிருக்கு? அதுக்கு எப்படி முந்நூறு ரூபாய்க்கு மேல ஏறும்?"

தம்பி செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "அட்டையை மாட்டிட்டு வந்து படிடா, அதிகப்பிரசங்கி."

நான் இருபத்தெட்டு வருடமாக ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பிள்ளைகளை மூடி வைத்திருக்கிறோம் என்று யோசித்திருக்கிறேன். மூடியதில் என் கையும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். நம் வீட்டில் ஒரு பிள்ளை மற்றவர்களைவிடக் கொஞ்சம் வேறு மாதிரி யோசிக்கிறதோ, அல்லது நாமே அப்படித்தானோ என்ற சந்தேகம் உங்களுக்கு இருந்தால், வாருங்கள், முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை சேர்ந்தே போவோம். படிப்பறிவு, பட்டம், பணம் எதுவும் முன்கூட்டித் தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

மீத்திறன் என்றால் என்ன?

ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்களில் 'மீத்திறன் குழந்தைகள்' என்று ஒரு பாடம் வரும். வயதுக்குரிய எதிர்பார்ப்பைவிட மிக முன்னால் நிற்கும் திறன் என்று சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். அது கணக்கில் இருக்கலாம். மொழி, இசை, ஓவியம், விளையாட்டு, மனிதர்களைப் புரிந்துகொள்வது என்று எதிலும் இருக்கலாம்.

அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் ரென்சுல்லி 1978-இல் இதை மூன்று வளையங்களாக வரைந்து காட்டினார். ஒன்று, சராசரிக்கு மேலான திறன். இரண்டு, புதிதாகச் சிந்திக்கும் தன்மை. மூன்று, எடுத்த காரியத்தை விடாமல் பிடிக்கும் ஈடுபாடு. மூன்று வளையங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில்தான் மீத்திறன் வேலை செய்யும் என்றார். தொடங்குபவர்களுக்கு இந்தப் படம் ரொம்ப உதவும், ஏனென்றால் மதிப்பெண் என்ற ஒரே கண்ணாடியைக் கழற்ற வைக்கும்.

எண்ணில் சொன்னால், ஐ.க்யூ. எனப்படும் நுண்ணறிவு ஈவின் சராசரி 100. பெரும்பாலோர் 85-க்கும் 115-க்கும் இடையில் இருப்பார்கள். 130-ஐத் தாண்டுபவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பேர். பல இடங்களில் இந்த 130-ஐத்தான் மீத்திறனுக்கான கோடாக வைக்கிறார்கள். அந்தக் கோடு எவ்வளவு தள்ளாடும் என்பதை எச்சரிக்கைப் பகுதியில் பார்ப்போம்.

கெட்டிக்காரப் பிள்ளையும் மீத்திறன் பிள்ளையும்

இரண்டையும் பலரும் குழப்பிக்கொள்கிறோம். கெட்டிக்காரப் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். மீத்திறன் பிள்ளை கேள்வி சரிதானா என்று கேட்கும். முன்னது சொல்லிக்கொடுத்த வழியில் வேகமாகப் போகும். பின்னது, வழி இருக்கும்போதே பக்கத்தில் வேறொரு வழி வெட்டிக்கொண்டிருக்கும்.

கெட்டிக்காரப் பிள்ளைக்கு வகுப்பறை பிடிக்கும், வகுப்பறைக்கும் அதைப் பிடிக்கும். மீத்திறன் பிள்ளைக்குப் பாதி நேரம் அலுப்பு. அதனால் ரேங்க் கார்டில் முதலிடம் பல சமயம் முன்னவருக்குத்தான் போகும். இதில் உயர்வு தாழ்வு ஒன்றும் இல்லை. ஆனால் ரேங்க் கார்டை மட்டும் வைத்துத் தேடினால் நாம் தேடும் ஆள் கிடைக்காமல் போகலாம்.

கும்பகோணத்துக் கதையே இதற்குச் சாட்சி. 1887-இல் பிறந்த ராமானுஜன் 1904-இல் உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக உட்கார்ந்தார். மறு வருடம் ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கடிதத்துக்கு முன்னும் பின்னும் அவர் அதே ஆள்தான். படித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் கிடைத்ததுதான் வித்தியாசம்.

படி 1: ஒரு நோட்டு, முப்பது நாள்

முதல் வேலை சோதனை மையத்தைத் தேடி ஓடுவது அல்ல. நோட்டை எடுங்கள். தினமும் படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம். ஒரு பக்கத்தை மூன்று கட்டமாகப் பிரித்துக்கொள்வோம்: இன்று கேட்ட கேள்வி, இன்று தானாகச் செய்த வேலை, இன்று அழுத அல்லது கோபப்பட்ட காரணம்.

பிள்ளையின் சொற்களை அப்படியே எழுதுங்கள். 'நல்லா கேள்வி கேட்டான்' என்று எழுதினால் பயனில்லை. 'நிழல் ஏன் நம்மளைவிட நீளமா இருக்கு, காலையில மட்டும்?' என்று கேட்டிருந்தால் அதையே எழுத வேண்டும். பிள்ளைக்கு இந்த நோட்டைக் காட்டக் கூடாது. காட்டினால் நோட்டுக்காகவே கேள்வி வரத் தொடங்கும்.

முப்பது நாள் கழித்து ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறதா? கேள்விகள் ஒன்றிலிருந்து ஒன்று முளைக்கின்றனவா? யாரும் சொல்லாமல் மணிக்கணக்கில் செய்த வேலை எது? இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதில்தான் நம் பயணத்தின் வரைபடம்.

படி 2: வயதுக்கு வயது என்ன பார்க்கலாம்?

மூன்று வயதுக்குள்: பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதையொட்டி முதல் சொல்லைப் பேசும், இரண்டு வயதையொட்டி இரண்டு சொற்களைச் சேர்க்கும். சில பிள்ளைகள் இதைவிட வெகு முன்னாலேயே முழு வாக்கியம் பேசிவிடும். நீண்ட நேரம் ஒன்றையே உற்றுப் பார்ப்பது, வந்த வழியை நினைவு வைத்துக்கொள்வது, ஒருமுறை கேட்ட கதையில் நாம் ஒரு வரியை விட்டால் பிடித்துவிடுவது ஆகியவையும் குறிகள். தாமதமாகப் பேசிய பிள்ளையிடமும் மீத்திறன் இருக்கலாம். பேச்சை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். பேச்சு மிகவும் தாமதமானால் மட்டும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மூன்று முதல் ஆறு வரை: யாரும் எழுத்துக் கற்றுத்தராமல் பஸ் போர்டையும் கடைப் பலகையையும் படிப்பது. இங்கே ஒரு நுணுக்கம்: படித்ததன் பொருள் தெரிகிறதா என்று பாருங்கள். பொருள் தெரியாமல் எழுத்தை மட்டும் சரசரவென்று படிப்பது வேறு விஷயம். சாவு, சாமி, நேரம், முடிவில்லாத எண் பற்றியெல்லாம் கேட்பது. தன் வயதுப் பிள்ளைகளை விட்டுப் பெரியவர்களோடு உட்காருவது. விளையாட்டுக்குச் சிக்கலான விதிகளைத் தானே எழுதி, மற்றவர்கள் அதை மீறினால் மனம் நொந்துபோவது என்று இந்த வயதில் நிறையத் தெரியும்.

ஆறு முதல் பதினொன்று வரை: விடை சரி, வழி வேறு. வகுப்பில் கேட்கும்போது ஒன்றும் எழுதாமல், வீட்டில் வந்து அதையே வேறு மாதிரிச் செய்து பார்ப்பது. ஒரு விஷயத்தில் ஆழமான பைத்தியம்: ரயில் வண்டிகளின் கால அட்டவணை, பாம்புகள், கோயில் கல்வெட்டு, கிரிக்கெட் புள்ளிவிவரம். அநியாயத்தைக் கண்டால், தனக்கு நடக்காததாக இருந்தாலும், தாங்க முடியாமல் போவது.

பன்னிரண்டுக்கு மேல்: இங்கே குறிகள் ஒளியத் தொடங்கும். நண்பர்களோடு ஒட்டிப்போக வேண்டும் என்பதற்காகத் தெரிந்ததைத் தெரியாததுபோலக் காட்டும் பிள்ளைகள் உண்டு. பாடப் புத்தகத்தைத் தொடாமல் ராத்திரி இரண்டு மணி வரை வேறு எதையோ படிப்பது, ஆசிரியர் சொன்னதில் உள்ள முரண்பாட்டைக் குறித்து வைத்துக்கொண்டு மௌனமாக இருப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள்.

இந்தப் பட்டியலில் எல்லாமே ஒரே பிள்ளையிடம் இருக்காது. இரண்டு மூன்று குறிகள், பல மாதங்கள் தொடர்ந்து, யாரும் தூண்டாமல் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: குறும்பு வேஷத்தில் வரும் குறிகள்

இப்போது என் கதை. பல வருடங்களுக்கு முன், நான்காம் வகுப்பில் ஒரு பையன். பாடம் நடக்கும்போது கை எப்போதும் பெஞ்சுக்குக் கீழேதான். ஒருநாள் போய்ப் பார்த்தேன். டவுசர் பை நிறையப் புளியங்கொட்டை. பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, கவனம் இல்லாத பையன் என்று அவன் அம்மாவிடமும் சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் வகுப்பைப் பூட்டும்போது அவன் பெஞ்சின் அடித்தட்டில் நான் பிடுங்காமல் விட்ட கொட்டைகள் இருந்தன. மூலையில் ஒன்று. அதைச் சுற்றி 'ட' போல மூன்று. அதைச் சுற்றி ஐந்து. அதற்கும் வெளியே ஏழு. மொத்தம் நாலுக்கு நாலு சதுரம், பதினாறு கொட்டை. ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்பதை அந்தப் பையன் யாரும் சொல்லாமல் பெஞ்சுக்கு அடியில் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான். நான் அந்த நேரம் கரும்பலகையில் இரண்டிலக்கக் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கொட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டான். ஆனால் அந்த வருடம் முழுக்க என் வகுப்பில் அதை வெளியே எடுக்கவே இல்லை.

ஆகவே கீழே உள்ள புகார்கள் வந்தால் உடனே தண்டனைக்குப் போகாமல் ஒருமுறை பெஞ்சுக்கு அடியில் பார்ப்போம்: எதிர்த்துப் பேசுகிறான், கனவு காண்கிறாள், எழுதச் சொன்னால் எழுதுவதில்லை, சட்டைப் பின்னால் உள்ள லேபிள் உறுத்துகிறது என்று அழுகிறாள், ஒரு கோடு கோணலானால் முழுப் பக்கத்தையும் கிழிக்கிறான். இவை எல்லாமே மீத்திறனின் குறி என்றும் சொல்லிவிட முடியாது. பசி, தூக்கமின்மை, பார்வைக் குறை, கவனக்குறைவுப் பிரச்சினை, வகுப்பில் யாராவது மிரட்டுவது என்று வேறு காரணங்களும் இருக்கலாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுவது நல்லது.

படி 4: மறைந்திருப்பவர்களைத் தேடுவோம்

சில பிள்ளைகளை நம் கண் தாண்டிப் போய்விடும். 'பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் எதுக்கு' என்ற வீட்டில் பெண் குழந்தை சீக்கிரமே கேள்வியை விழுங்கக் கற்றுக்கொள்கிறாள். புத்தகமே இல்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வளம் குறைவாக இருக்கலாம். ஆனால் கடையில் அப்பாவுக்குப் பதில் உட்கார்ந்து ஐந்து பேருக்கு ஒரே நேரத்தில் கணக்குப் போட்டுச் சில்லறை கொடுக்கும். நம் நோட்டில் அதுவும் ஏறட்டும்.

இன்னொரு கூட்டம், திறனும் குறையும் சேர்ந்து இருப்பவர்கள். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளை வாயால் சொல்லும் பதில் அருமையாக இருக்கும், எழுதினால் அத்தனையும் பிழை. திறன் குறையை மறைக்கும், குறை திறனை மறைக்கும், வெளியே சராசரிப் பிள்ளை போலத் தெரியும். வாய்ப்பேச்சுக்கும் எழுத்துக்கும் பெரிய இடைவெளி இருந்தால் சென்னையில் உள்ள மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் போன்ற அமைப்புகளை அணுகலாம்.

வாய்ப்பே கிடைக்காததால் தெரியாமல் போவதும் உண்டு. சதுரங்க வீராங்கனை வைஷாலியைச் சிறு வயதில், ரொம்ப டிவி பார்க்கிறாள் என்று பெற்றோர் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். அக்கா ஆடுவதைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் காய் நகர்த்தத் தொடங்கினான். 2018-இல் பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர். அக்காவும் 2023-இல் அந்தப் பட்டத்தைப் பெற, உலகின் முதல் அக்கா தம்பி கிராண்ட்மாஸ்டர் ஜோடி ஆனார்கள். சதுரங்கப் பலகை அந்த வீட்டுக்குள் வராமலே போயிருந்தால்? அதனால் மாதம் ஒரு புதுப் பொருளை வீட்டுக்குள் கொண்டுவருவோம்: ஒரு மாதம் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு மாதம் களிமண், ஒரு மாதம் பழைய ரேடியோவும் ஸ்க்ரூ டிரைவரும்.

படி 5: பள்ளியில் எப்படிப் பேசுவது?

'என் பிள்ளை ஜீனியஸ் டீச்சர்' என்று தொடங்கினால் கதவு பாதி மூடிவிடும். அந்தப் பக்கம் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நோட்டை எடுத்துப் போங்கள். இரண்டு மூன்று பக்கங்களைக் காட்டி, "வகுப்புல இந்த மாதிரி ஏதாவது கவனிச்சிருக்கீங்களா?" என்று கேளுங்கள். ஆசிரியருக்கு இன்னும் முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள்; ஒரே ஒரு சிறிய உதவி கேட்டால் கிடைக்கும். சீக்கிரம் முடித்துவிட்டால் அதே கணக்கை இன்னும் பத்து போடச் சொல்லாமல், ஒரு கடினமான கணக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பழைய காலத்தில் 'டபுள் புரமோஷன்' என்று ஒரு வகுப்பைத் தாண்ட வைப்பார்கள். இன்றைக்கும் சிலர் ஆசைப்படுகிறார்கள். வயது விதிகளைப் பள்ளியில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். படிப்பில் இரண்டு வருடம் முன்னால் இருக்கும் பிள்ளை, அழுகையில் தன் வயதிலேயே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பல சமயம் கணக்குக்கு மட்டும் மேல் வகுப்புப் புத்தகம், மற்றதெல்லாம் தோழர்களோடு என்ற ஏற்பாடு நிம்மதியானது.

படி 6: சோதனை எப்போது, எப்படி?

எல்லோருக்கும் ஐ.க்யூ. சோதனை தேவையில்லை. பள்ளியில் பிள்ளை வாடிப்போகிறது, திறனும் குறையும் சேர்ந்து இருப்பதாகச் சந்தேகம், முக்கியமான முடிவு ஒன்று எடுக்க வேண்டும் என்றால் மட்டும் போகலாம். ஆறு வயதுக்கு முன் வரும் எண் நிலையாக இருக்காது, அவசரம் வேண்டாம்.

யாரிடம் போவது? ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம். ஆர்.சி.ஐ. பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. நம் நாட்டில் பினே-காமத் சோதனை, ஆறு முதல் பதினைந்து வயதினருக்கான மாலின் சோதனை, வெக்ஸ்லர் சோதனையின் இந்தியப் பதிப்பு ஆகியவை புழக்கத்தில் இருக்கின்றன. மொழி அதிகம் தேவைப்படாத ரேவன் படச் சோதனையும் உண்டு.

என்ன நடக்கும்? முதலில் பெற்றோரோடு பேச்சு. பிறகு பிள்ளையோடு தனியாக ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம்: கட்டைகளை அடுக்குவது, சொற்களுக்குப் பொருள், எண்களைத் திருப்பிச் சொல்வது, படத்தில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பது. சில நாளில் அறிக்கை. பிள்ளை எந்த மொழியில் யோசிக்கிறதோ அந்த மொழியில் சோதனை நடக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

முந்தின நாள் பயிற்சி கொடுக்க வேண்டாம். நன்றாகத் தூங்க வைத்து, காலையில் வயிறு நிறைய இட்லி கொடுத்து, "ஒரு மேடத்தோட புதிர் விளையாடப் போறோம்" என்று கூட்டிப்போனால் போதும். சளி, காய்ச்சல் என்றால் தேதியை மாற்றுங்கள்.

அறிக்கை வந்ததும் மொத்த எண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். உள்ளே பிரிவுவாரியாக எங்கே உயரம், எங்கே பள்ளம் என்று இருக்கும். செலவழித்த காசு அந்தப் பக்கத்துக்குத்தான்.

எவ்வளவு செலவாகும்?

நோட்டும் பேனாவும்: முப்பது நாற்பது ரூபாய். ஊர் நூலக உறுப்பினர் கட்டணம் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டைவிடக் குறைவு.

சோதனை: தனியார் மையங்களில் ஊரையும் சோதனையையும் பொறுத்துச் சில ஆயிரம் ரூபாய். முதல் சந்திப்பு, சோதனை, எழுத்து அறிக்கை, விளக்கப் பேச்சு எல்லாம் சேர்த்தா என்று முன்பே கேளுங்கள். தனித்தனியாகப் பில் போடும் இடங்கள் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் விசாரித்தால் மிகக் குறைந்த செலவில் முடியலாம், ஆனால் காத்திருக்க வேண்டும்.

திறனறித் தேர்வுகள்: இவற்றில் செலவைவிட வரவு அதிகம். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு இருக்கிறது. பெற்றோர் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. ஊரகப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்புக்கு 'டிரஸ்ட்' தேர்வு, பதினோராம் வகுப்புக்குத் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு என்று வரிசையாக உண்டு. விண்ணப்பக் கட்டணம் சிறியது. தேதியும் விதியும் ஒவ்வொரு வருட அறிவிப்பிலும் வரும். தலைமை ஆசிரியரிடம் கேட்டு வையுங்கள்.

படி 7: தெரிந்துவிட்டது, இனி என்ன?

மீத்திறன் ஒரு மெடல் இல்லை, ஒரு பசி. என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டி முழுக்கச் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். பசி தெரிந்தால் சோறு தேடுவோம்.

கணக்குப் பசிக்கு: சென்னையைச் சேர்ந்த இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் தேசியக் கணிதத் திறன் போட்டி நடத்துகிறது; ஐந்தாம் வகுப்பிலிருந்தே எழுதலாம். பெரிய பிள்ளைகளுக்கு ஒலிம்பியாட் வரிசை இருக்கிறது.

அறிவியல் பசிக்கு: தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழ். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை 'வானவில் மன்றம்'. சென்னையில் இருந்தால் கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம், பக்கத்திலேயே அண்ணா நூற்றாண்டு நூலகம். மதுரைப் பக்கம் என்றால் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவு.

கலைப் பசிக்கு: ஜவகர் சிறுவர் மன்றங்கள், மாவட்ட அரசு இசைப் பள்ளிகள், பள்ளிக் கலைத் திருவிழா.

பாராட்டும் முறையையும் மாற்றுவோம். 1998-இல் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஆராய்ந்தார்கள். 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்துக் கடினமான புதிரைத் தவிர்க்கப் பார்த்தார்கள். 'நல்லா உழைச்சே' என்று கேட்டவர்கள் கடினமானதையே தேடினார்கள். எனவே சொந்தக்காரர் வந்ததும் கூப்பிட்டு நிறுத்தி, "முப்பத்தி ஏழாம் வாய்ப்பாடு சொல்லு கண்ணா" என்று காட்சிப்பொருளாக்க வேண்டாம்.

வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதற்கும் ஒரு நோட்டு போடுங்கள். பாதிச் சண்டை குறையும்.

பெரியவர்களுக்கும் உண்டா?

உண்டு. பிள்ளைக்காகப் படிக்க ஆரம்பித்து, பாதியில் 'இது என்னைப் பற்றியல்லவா' என்று நின்றுபோகும் பெற்றோர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். தண்ணீர் விடாத முளை எப்படித் தெரியும்?

பெரியவர்களிடம் குறிகள் இப்படி இருக்கும். புது வேலையை மூன்று மாதத்தில் கற்றுவிட்டு நான்காம் மாதம் அலுத்துப்போவது. கூட்டத்தில் மற்றவர்கள் பேசி முடிக்கும் இடத்துக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டு, பொறுமையாக இருப்பதுபோல நடிப்பது. 'நீ ரொம்ப ஓவரா யோசிக்கிறே' என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டது. பத்துப் பேர் பாராட்டினாலும் 'அவர்களுக்குத் தெரியாது, நான் ஒன்றும் அவ்வளவு இல்லை' என்று உள்ளே ஒரு குரல். எங்கள் தெருவில் ஒரு மெக்கானிக், வண்டி தெருமுனை திரும்பும்போதே சத்தத்தை வைத்து எந்தப் பாகம் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பள்ளிக்கூடம் அவரை எட்டாம் வகுப்போடு அனுப்பிவிட்டது.

வாசலில் சிக்குக் கோலம் போடும் அம்மாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். கை எடுக்காமல் ஒரே இழையாகப் புள்ளிகளைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடிப்பது விளையாட்டுக் காரியமா? 1970-களில் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதி ஆராய்ச்சிக் கட்டுரையே வெளியிட்டார்கள். நமக்கு அது வாசல் தெளித்ததும் செய்யும் வேலை. நோட்டில்லாமல் புதுப்புதுக் கோலத்தை மனதிலேயே கட்டும் அத்தை உங்கள் வீட்டில் இருந்தால் ஒருமுறை உட்கார வைத்து, எப்படி யோசிக்கிறாள் என்று கேளுங்கள்.

நமக்கான படிகள் எளிமையானவை. ஒரு தாளில், பத்து வயதிலிருந்து நேரம் போவதே தெரியாமல் செய்த வேலைகளை எழுதுவோம். அதில் ஒன்றைத் தேர்ந்து மூன்று மாதம், வாரம் நான்கு மணி நேரம் கொடுப்போம். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டெல் பாடங்களைப் படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய் அளவில் ஆகும். பட்டம் வேண்டுமென்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ. தன்னைப் போன்றவர்களோடு பேச ஆசை என்றால் மென்சா இருக்கிறது: 1946-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய சங்கம், அங்கீகரித்த சோதனையில் மேல் இரண்டு சதவீதத்தில் வருபவர்களைச் சேர்த்துக்கொள்கிறது, இந்தியாவிலும் கிளை உண்டு.

எச்சரிக்கை

ஒன்று: எண்ணை நம்பலாம், வணங்கக் கூடாது. 1905-இல் ஆல்ஃபிரட் பினே பாரிஸ் பள்ளிகளுக்காகச் சோதனை செய்ததே, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான். பின்னால்தான் அது மேதைகளைத் தேடும் தராசு ஆனது. 1921-இல் ஸ்டான்ஃபோர்டின் லூயிஸ் டெர்மன் கலிஃபோர்னியாவில் சுமார் 1,500 பிள்ளைகளை அப்படிப் பொறுக்கி எடுத்து வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார். சோதனையில் தேறாமல் வெளியே அனுப்பப்பட்டவர்களில் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் இருவரும் பிற்பாடு இயற்பியல் நோபல் வாங்கினார்கள். தேர்ந்தெடுத்த கூட்டத்திலிருந்து ஒருவரும் வாங்கவில்லை.

இரண்டு: கைரேகையை ஸ்கேன் செய்து பிள்ளையின் திறமையைச் சொல்கிறோம் என்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். 'மிட் பிரெயின் ஆக்டிவேஷன்' என்று கண்ணைக் கட்டிப் படிக்க வைப்பதும் அப்படித்தான். துணிக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகப் பிள்ளை எட்டிப் பார்க்கிறது. இரண்டுக்கும் அறிவியல் அடிப்படை கிடையாது. போன காசைவிட, பிள்ளை பொய் சொல்லப் பழகுவதுதான் பெரிய நஷ்டம்.

மூன்று: வாரத்துக்கு ஏழு வகுப்பில் சேர்க்காதீர்கள். சும்மா இருக்கும் நேரத்தில்தான் புளியங்கொட்டை சதுரமாகும்.

நான்கு: தூக்கம் போய், சாப்பாடு போய், பள்ளிக்குப் போக மாட்டேன் என்று தொடர்ந்து அழுதால், திறன் ஆராய்ச்சியைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்ப்போம்.

இந்த வாரமே தொடங்க

திங்கள் நோட்டு வாங்குவோம். செவ்வாய் முதல் வெள்ளி வரை கேட்பதை எழுதுவோம், பதில் சொல்ல அவசரப்படாமல். சனிக்கிழமை நோட்டிலிருந்து ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்து, பதில் தெரிந்த ஆளைத் தேடிப் பிள்ளையோடு போவோம். எல்லாக் கேள்விக்கும் நாமே பதில் சொல்ல வேண்டியதில்லை. 'எனக்குத் தெரியலை, வா, கேட்போம்' என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

தம்பி மகன் விஷயத்தில் நான் அதைத்தான் செய்தேன். பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் அட்டையோடு அவனை மின்வாரிய அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். கவுண்டரில் இருந்த அம்மா முதலில் சிரித்தார், பிறகு கட்டண அட்டவணையை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தார். ஐந்நூறு யூனிட்டைத் தாண்டியதும் நூறுக்கு மேல் இருநூறு வரைக்குமான குறைந்த கட்டணச் சலுகை போய்விடும், அதனால்தான் ஒரேயடியாக ஏறுகிறது என்று விளக்கினார். அவன் விரலால் வரிசை வரிசையாகத் தொட்டுப் பார்த்தான். "அப்போ 501-வது யூனிட்தான் இருக்கிறதுலேயே விலை கூடின யூனிட்" என்றான். அந்த அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டு, "டேய், இங்க வா, இன்னொரு அட்டவணை இருக்கு, கடைகளுக்கு உள்ளது" என்று அடுத்த தாளை எடுத்தார்.

அன்றைக்கு ஆன செலவையும் கணக்கில் சேர்த்துவிடுகிறேன். டவுன் பஸ்ஸில் எனக்குக் கட்டணமில்லாப் பயணம். அவனுக்குப் போக ஒன்று, வர ஒன்று: இரண்டு அரை டிக்கெட்.